காணொளிப் பதிவும் கருவியின் அமைப்புகளும்

ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தை எதுகை மோனை கொண்டும், யாப்பின் துணை கொண்டும், பிற படிகளோடு ஒப்பிட்டும் ஓரளவு மீட்டுவிடலாம். பதிப்பாசிரியப் பெருமக்கள் அவ்வாறு மீட்டுத் தந்தவற்றையே இன்று நாம் வகுப்பறைகளில் நடத்தி வருகின்றோம். ஆனால், வாய்மொழிப் பாடலைக் காணொளியாகப் பதிவு செய்கையில் நேரும் பிழைக்கு அத்தகைய மீட்பு இல்லை. வெளுத்துப்போன முகத்தையும் இருளில் மூழ்கிய விரல்களையும் எந்த யாப்பைக் கொண்டு ஊகிப்பது? பிற படி என்று ஒன்று இருந்தால்தானே ஒப்பிடுவதற்கு!

2014ஆம் ஆண்டு தாமிரபரணிக் கரையை அடுத்த சிற்றூர் ஒன்றிற்கு மாணவர் நால்வரோடு நடவுப் பாடல் திரட்டச் சென்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர். ஊரார் அனைவர்க்கும் அவர் 'ஆச்சி'. இளமையில் நடவுக் குழுவிற்கு முதற்குரல் கொடுத்தவர். பாடும்போது அவருடைய கைகள் சும்மா இருப்பதில்லை. இடக்கை நாற்று முடியைப் பற்றியிருப்பது போலவும், வலக்கை அதிலிருந்து நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றுவது போலவும் ஓயாது அசைந்துகொண்டிருந்தன. பாட்டின் தாளம் அந்த விரல்களில்தான் இருந்தது. புதிதாக வாங்கிய கேமரா ஒன்று நம்மிடம் இருந்தது. அதன் அமைப்புகள் அனைத்தையும் 'ஆட்டோ' என்னும் தானியங்கு நிலையிலேயே விட்டிருந்தோம். விலை மிகுந்த கருவி ஆதலின் அது யாவும் அறியும் என்பது நம் எண்ணம்.

முதலில் ஆச்சியைத் திறந்த வாயிலுக்கு முதுகு காட்டி அமர வைத்தோம். வெளியே நல்ல வெயில். கருவி வாயில் வெளிச்சத்தைக் கணக்கிற் கொண்டு, அவர் முகத்தைக் கரிய நிழலாக்கிவிட்டது. சிறிது நேரத்தில் அதனை உணர்ந்து, உள்ளே சுவரோரம், குழல்விளக்கின் கீழ் அமர்த்தினோம். சிக்கல் தீர்ந்தது என்றே நினைத்தோம். கல்லூரிக்குத் திரும்பிக் கணினித் திரையிற் கண்டபோதுதான் உண்மை தெரிந்தது. கருநிறப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆச்சியின் முகத்தின் குறுக்கே ஊர்ந்துகொண்டிருந்தன. எவரேனும் வாயிலை மறைத்து நின்றபோதெல்லாம் படம் வெளுத்தது. அவர் விலகியதும் மீண்டும் கறுத்தது. நீண்ட பாடல் ஒன்றின் நடுவே கருவி தானாகவே நின்றுவிட்டிருந்தது. அதனை நம்மில் ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த நடவுப் பருவத்தில் மீண்டும் வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அப்பருவம் வருமுன்பே ஆச்சி காலமாகிவிட்டார்.

அந்தப் பட்டைகள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்களுக்கும், தம் வீட்டுப் பெரியோரின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்ய விரும்புவோர்க்கும் இதிற் சில பகுதிகளேனும் பயன்படலாம்.

மின்சாரமும் ஷட்டரும்

காணொளி என்பது அசையும் படம் அன்று. அசையாப் படங்களின் வரிசை. அவற்றை வினாடிக்கு எத்தனை எடுப்பது என்பது முதல் அமைப்பு. திரைப்படத்தில் 24 என்பது, பேசும் படங்கள் தோன்றிய 1920களின் இறுதியில் நிலைபெற்றது. தொலைக்காட்சியில் நம் நாடு 'பால்' முறையை ஏற்றதால் 25 ஆயிற்று. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 'என்.டி.எஸ்.சி.' முறைப்படி ஏறத்தாழ 30. இவ்வேறுபாட்டிற்கு வேர் மின்சாரத்தில் உள்ளது. நம் நாட்டு மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது, அமெரிக்காவில் 60. ஜப்பானிலோ கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60 என ஒரே நாட்டிற்குள் இரண்டும் உண்டு. அங்குள்ள ஒளிப்பதிவாளர் படும் பாட்டை நாம் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு இம்மின்னோட்டத்திற்கேற்ப ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை, அதாவது வினாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. நம் கண் அதனை உணர்வதில்லை, கருவி உணர்கிறது. ஒவ்வொரு படத்திற்கும் எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்பதை முடிவு செய்வது ஷட்டர். அந்நேரம் 1/50 வினாடியாக இருப்பின், ஒவ்வொரு படமும் முழுமையாக இரண்டு துடிப்புகளைப் பெறும். 1/100 எனின் ஒன்றைப் பெறும். எந்த நொடியில் தொடங்கினும் கிடைக்கும் ஒளி ஒன்றே. மாறாக, 1/60 வினாடி எனின் ஒன்றரைக்குச் சற்று மேற்பட்ட துடிப்பே கிடைக்கும். ஒன்று பாதியில் அறுபடும். இன்றைய கருவிகளிற் பெரும்பாலானவை படத்தை ஒரே நேரத்தில் முழுமையாகப் பிடிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. ஆதலின், ஒரு வரி நிறைந்த ஒளியையும் மற்றொரு வரி குறைந்த ஒளியையும் பெறுகின்றது. அதுவே பட்டை. அடுத்த படத்தில் அது வேறிடத்தில் விழுவதால் ஊர்வது போல் தோன்றுகிறது. நம் கருவி வாங்கிய நாளிலிருந்தே என்.டி.எஸ்.சி. நிலையில், 30 படமும் 1/60 வினாடியுமாக இருந்திருக்கிறது. பட்டியலில் ஒரேயொரு சொல்லை மாற்றியிருந்தால் போதும்.

எனவே, நம் நாட்டில் விளக்கொளியில் பதிவு செய்வோர் பால் முறை, 25 படம், 1/50 வினாடி என்று அமைத்துக்கொள்வதே நன்று. 25 கிடைக்காத கருவியில் 30 என்றே இருப்பினும் ஷட்டரை மட்டும் 1/50 ஆக நிறுத்தினால் பட்டை தோன்றாது. மின்னணுச் சோக் பொருத்திய விளக்குகள் மிக விரைந்து துடிப்பவை ஆதலின் அவற்றால் தொல்லை இல்லை. மலிவான எல்.இ.டி. விளக்குகளில் சில பழைய குழல்விளக்கைப் போலவே துடிக்கின்றன. சில வேறு கணக்கில் துடித்து எந்த அமைப்பிற்கும் அடங்குவதில்லை. அவற்றை அணைத்துவிடுவதே வழி. மின்தடை ஏற்பட்டு ஜெனரேட்டர் ஓடும் மண்டபங்களிலும் எச்சரிக்கை வேண்டும். அதன் சுழற்சி சுமைக்கேற்ப ஏறி இறங்கும். அதுவரை தெளிவாக இருந்த படத்தில் அப்போது மெல்லப் பட்டை தோன்றும்.

இந்த 1/50 நமக்கு மற்றொரு வகையிலும் பொருந்தி அமைந்தது. அசைவு இயல்பாகத் தோன்ற, ஒரு படத்திற்குரிய காலத்தில் ஏறத்தாழப் பாதியளவு ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்பது திரைப்பட ஒளிப்பதிவாளரின் நெடுநாள் வழக்கு. வினாடிக்கு 25 படம் எனின் அதன் இருமடங்கு 50, ஆகவே 1/50. அதைவிடக் கூட்டி 1/25 ஆக்கினால் நடவு நடும் விரல்கள் பஞ்சுப் பொதியாகிவிடும். மிகவும் குறைத்து 1/1000 என வைத்தால் விரல்கள் வெட்டி வெட்டி நகரும். அது பார்ப்போர் கண்ணை உறுத்தும். நண்பகல் வெயிலில் தானியங்கு கருவிகள் செய்வது இதைத்தான். வெளிச்சம் மிகுந்தவிடத்து ஷட்டரைத் தொடாமல், ஒளியைக் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடியை லென்ஸின் முன் பொருத்த வேண்டும். 'என்.டி. ஃபில்டர்' என்று கடையிற் கேட்டால் தருவர். எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடுவது ஒன்று இருந்தால் பெரும்பாலும் போதும். அதுவும் இல்லையெனின், பாடுவோரை வெயிலிலிருந்து நிழலுக்கு அழைத்து வருதல் வேண்டும். அவருக்கும் அதுவே நலம்.

முகமும் வெள்ளைச் சுவரும்

ஷட்டரை நிறுத்திவிட்டால், ஒளியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று அபர்ச்சர் எனப்படும் லென்ஸின் துளை, மற்றொன்று ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன் எண்.

துளையின் அளவு 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று செல்லும். எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். துளை பெரிதாயின் ஒளி மிகும். ஆனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். பின்புலம் மங்கி முகம் மட்டும் துலங்குவது அழகுதான். திருமண ஒளிப்பதிவாளர்கள் அதற்காகவே 1.8, 1.4 என்று வைக்கின்றனர். நம் பணிக்கு அது உதவாது. முகம் தெளிந்து, முன்னே நீட்டிய கை மங்கினால் நடவுப் பாட்டில் பாதி போயிற்று. ஒருவர் பாடினால் 4, இருவர் முன்பின்னாக அமர்ந்தால் 5.6 என்பது நாம் பட்டறிந்த அளவு. கைப்பேசிகளிற் பெரும்பாலானவற்றில் துளை மாறாதது. அந்தக் கவலை அங்கு இல்லை.

ஐ.எஸ்.ஓ. எண்ணை இருமடங்காக்கினால் படமும் இருமடங்கு வெளிச்சமாகும். அதோடு மணல் தூவியது போன்ற புள்ளிகளும் மிகும். இப்புள்ளிகளுக்கு அஞ்சி எண்ணைக் குறைவாகவே வைத்து இருட்டில் பதிவு செய்யும் மாணவர் பலர். பின்னர்க் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு கூட்டும்போது, பதிவின் போதே எண்ணை உயர்த்தியிருந்தால் வந்திருக்கக் கூடியதைவிட மோசமான புள்ளிகளே பெரும்பாலும் வரும். புள்ளி விழுந்த முகம் முகம்தான். இருண்ட முகம் முகமன்று. நம் கருவியில் 1600 வரை அஞ்சாமல் உயர்த்துகின்றோம். உங்கள் கருவியின் எல்லையைப் புறப்படுமுன் வீட்டிலேயே சோதித்து அறிந்துகொள்க.

இனி, மிகுதியாகத் தவறு நேரும் இடத்திற்கு வருவோம். கருவிக்கு முகம் எது, சுவர் எது என்ற வேறுபாடு தெரியாது. உலகம் முழுவதும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே அதன் ஒளிமானி கணக்கிடுகிறது. வெள்ளையடித்த சுவரின் முன்னே, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து அமர்ந்திருக்கும் நம் பெரியவர் ஒருவரைக் காண நேர்ந்தால், "வெளிச்சம் மிகுந்துவிட்டது" என்று கருதிப் படத்தை இருளாக்கிவிடும். வெள்ளைச் சட்டை சாம்பலாகும். மாநிறமான முகம் கரியாகும். பட்டமளிப்பு விழாவிலோ இதற்கு மறுதலை: கறுப்பு அங்கிகளைக் கண்டு வெளிச்சத்தைக் கூட்டி, முகங்களை வெளுத்துவிடும். இன்றைய கருவிகள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன என்பது உண்மையே. ஆயினும், முகம் திரும்பியதும், முக்காடு சற்று முன்னே சரிந்ததும் பழைய நிலைக்கே மீள்கின்றன.

நல்ல கருவிகளில் மிகுந்த ஒளி விழும் இடங்களின் மீது சாய்வுக் கோடுகள் தோன்றச் செய்யும் வசதி உண்டு. வரிக்குதிரையின் பெயரால் 'ஸீப்ரா' என்பர். முகத்தில் ஒளி படும் இடத்தில் 70 விழுக்காட்டில் கோடு தோன்றுமாறு அமைக்க வேண்டும் என்று பழைய கையேடுகள் கூறும். அது வெளிறிய தோலினரை மனத்திற் கொண்ட அளவு. நம் மக்களின் நிறத்திற்கு 50 முதல் 60 வரை வைத்தால் முகம் முகமாகவே இருக்கும். அவ்வசதி இல்லாதவர், முகம் மட்டும் நிறையுமாறு கருவியை அருகிற் கொண்டுசென்று அளவைக் கண்டு, அந்த எண்களைக் கைம்முறையில் நிறுத்திப் பின்னர்த் தம் இடத்திற்கு மீளலாம். கைப்பேசி எனின் திரையில் முகத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க, பல பேசிகளில் ஒளியளவும் கூர்மையும் பூட்டப்படும். பூட்டியபின் வாயிலில் யார் வந்து நின்றாலும் படம் வெளுத்துக் கறுக்காது.

ஆனால், எந்த எண்ணையும் தொடுமுன் செய்யத்தக்க அமைப்பு ஒன்று உண்டு. அது கருவியில் இல்லை. அமரும் இடம். 2016இல் அதே ஊரில் ஆச்சியின் நாத்தனாரைத் தேடிச் சென்றோம். இம்முறை பிற்பகல் நான்கு மணிக்கு, வெயில் விலகிய திண்ணையில், தெருவை நோக்கி அமர வைத்தோம். திறந்த வானத்தின் மென்மையான ஒளி முகத்திலும் கையிலும் ஒரு சீராக விழுந்தது. விளக்கே தேவைப்படவில்லை. துளை 4, ஷட்டர் 1/50, ஐ.எஸ்.ஓ. 400. படம் மிகத் தெளிவு. அவர் பாடியது மூன்று பாடல்கள். மூன்றும் பாதிப் பாதி. "மதினிக்குத்தான் முழுப்பாட்டும் தெரியும், ஐயா" என்றார்.

நிறம், அளவு, ஒலி

கண் வெண்மையை எவ்வொளியிலும் வெண்மையாகவே காணும். கருவிக்கு அதனைச் சொல்லித்தர வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் அளப்பர். எண்ணெய் விளக்கு ஏறத்தாழ 1900, குண்டு பல்பு 2700, நண்பகல் வெயில் 5500, நம் வீடுகளில் உள்ள வெண்ணிறக் குழல்விளக்கு 6500, திறந்த நிழல் 7000 அளவில். 'ஒயிட் பேலன்ஸ்' தானியங்கு நிலையில் இருந்தால், சிவப்புச் சேலை உடுத்த ஒருவர் குறுக்கே சென்றதும் பாடுவோரின் முகம் நிறம் மாறும். பாடுவோர் மடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதனைக் கருவிக்குக் காட்டி அமைத்துக்கொள்வது எளிது. ஒருபுறம் சாளர ஒளி, மறுபுறம் குண்டு பல்பு என்றிருந்தால் எந்த எண்ணும் இரண்டுக்கும் பொருந்தாது. பல்பை அணைத்துவிடுக.

"ஐயா, 4கே இருக்கிறதா?" என்பதே மாணவர்களின் முதற்கேள்வி. 1920க்கு 1080 என்னும் அளவில் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள்; 3840க்கு 2160 என்னும் 4கே அளவில் அதன் நான்கு மடங்கு. பின்னர் முகத்தையோ கையையோ மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்ட 4கே உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இருளில் எடுத்த 4கே பதிவைவிட நல்லொளியில் எடுத்த 1080 பதிவே மேல். அளவோடு சேர்த்து நோக்க வேண்டியது, வினாடிக்கு எத்தனை மெகாபிட் எழுதப்படுகிறது என்பது. 100 மெகாபிட் எனின் மணிக்கு 45 ஜிகாபைட். 64 ஜிகாபைட் அட்டை ஏறத்தாழ ஒன்றரை மணிக்குள் நிறைந்துவிடும். அதற்கேற்ற அட்டைகளும், மாற்று மின்கலமும் எடுத்துச் செல்க. 'லாக்' என்னும் வெளிறிய நிற அமைப்பைச் 'சினிமா நிறம்' வேண்டி மாணவர் விரும்புவர். நிறத்தை 8 பிட்டில், அதாவது ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளில் மட்டும் எழுதும் கருவியில் அது வேண்டாம். பின்னர்த் திருத்தும்போது கன்னத்தில் படிக்கட்டுப் போன்ற நிறத் திட்டுகள் தோன்றும்.

கருவி தானாக நின்றதற்கும் காரணம் கண்டோம். 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் வீடியோ கேமரா எனக் கருதப்பட்டுக் கூடுதல் சுங்கவரிக்கு ஆளாகியிருந்தன. அதனைத் தவிர்க்க, நிழற்படக் கருவி செய்வோர் பலர் 29 நிமிடம் 59 வினாடியில் பதிவு நிற்குமாறு அமைத்துவிட்டனர். ஐரோப்பியச் சுங்க அலுவலகத்தின் கணக்கு, நெல்லைச் சீமையில் ஒரு நடவுப் பாட்டை நடுவில் அறுத்தது. எஞ்சிய பகுதி, உடன் வந்த மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பதினொரு வரிகளாக மட்டுமே நம்மிடம் உள்ளது. அண்மைக் காலக் கருவிகள் பலவற்றில் இவ்வரம்பு நீங்கிவிட்டது; பழைய கருவியை எடுத்துச் செல்வோர் 25ஆவது நிமிடத்தில், பாடல்களின் இடைவெளியில், நிறுத்தித் தொடங்குதல் நலம்.

கைப்பேசியில் பதிவு செய்வோர்க்கு மேலும் சில. லென்ஸை மென்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குக. பை ஈரமும் விரல் எண்ணெயும் படிந்த லென்ஸே பாதிக் குறைகளுக்குக் காரணம். விரலால் பெரிதாக்குவதைவிட நெருங்கிச் செல்வது மேல். அழைப்பு வந்து பதிவு அறுபடாதிருக்க விமானப் பயண நிலையில் வைக்க வேண்டும். பேசிகள் பல, வெளிச்சத்திற்கேற்ப வினாடிப் படங்களின் எண்ணிக்கையைத் தாமே மாற்றிக்கொள்பவை. தனிக் கருவியில் ஒலியைப் பதிந்து பின்னர் இணைப்போர்க்கு, இதனால் உதட்டசைவும் குரலும் சிறிது சிறிதாக விலகும்.

ஒலியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். ஈண்டு ஒன்று மட்டும். ஒலியளவைத் தானியங்கு நிலையில் விட்டால், பாடுவோர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கருவி சுற்றுப்புற இரைச்சலைத் தூக்கிக் காட்டும். கைம்முறையில் அமைக்கும்போது, பாட்டின் உரத்த பகுதி டெசிபெல் கணக்கில் கழித்தல் 12 அளவில் நிற்கட்டும். நடவுப் பாட்டின் முடிவில் குலவை வரும் என்பதை மறவாதீர்கள். பாட்டுக்கு நெருக்கமாக அமைத்த அளவு குலவையில் உடைந்துவிடும். பாடுமுன் ஒருமுறை குலவையிடச் சொல்லி அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். வெறுமனே குலவையிட ஆச்சிமார் வெட்கப்படுவர். உடன் சென்ற மாணவியர் முதலில் இட்டால் அவர்களும் இடுவர்.

வீட்டினுள் பதிவு செய்கையில் மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். சித்திரை வெயிலில் எண்பது வயதுள்ள ஒருவருக்கு அது எளிதன்று. எனவே கருவி, விளக்கு, அட்டை, வெள்ளைத் தாள் ஆகிய அனைத்தும் ஆயத்தமான பின்னரே விசிறியை நிறுத்துக. ஒவ்வொரு பாடல் முடிந்ததும், திரையைப் பார்க்குமுன், அதனை மீண்டும் சுழல விடுக.